எட்டாவது பூட்டு

கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். இது எனக்கு நடந்தது. என் மனைவியைக் கேட்டாலும் சொல்வாள். அவள் தம்பியின் உயிர் சம்பந்தப்பட்டது.

மலை உச்சியில் ஒரு ராட்சதத் தொலைநோக்கி கட்டிக்கொண்டிருந்தோம். அதன் கண்ணாடியே கால்பந்து மைதானத்தின் பாதி அகலம். மேலே தண்டவாளத்தில் ஓடும் இரும்புக் கூரை. அதைத் திறந்து மூடும் சுவிட்ச் என் பொறுப்பு. மேலே ஏறும் ஒவ்வொருவரும் சுவிட்ச் பெட்டியில் தன் எண் பொறித்த பூட்டை மாட்டிவிட்டு, சாவியைக் கையோடு கொண்டுபோக வேண்டும். ஒரு பூட்டு தொங்கினாலும் கூரை நகராது. அன்று ஏறிய ஏழு பேரில் என் மச்சானும் ஒருவன். அவனை வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான்.

மாலை 5.40. புழுதிக்காற்று வருவதாகத் தகவல். ஏழு பேரும் இறங்கி, ஏழு பூட்டையும் கழற்றினார்கள்.

பெட்டியில் இன்னொன்று தொங்கியது. துருப்பிடித்தது. எண் இல்லை.

வயர்லெஸில் மேலாளர் கத்தினார். "என்னய்யா தூங்குறியா? கூரையை மூடு!"

"ஒரு பூட்டு மிச்சம் இருக்கு சார்."

"எவனாவது மறந்திருப்பான். வெட்டி எறி! மண்ணு விழுந்தா கண்ணாடி போச்சு!"

எனக்கும் எரிச்சல்தான். கட்டரை எடுத்தேன்.

5.46. பூட்டைப் பிடித்தேன். சில்லென்றிருந்தது...

டங்... டங்... டங்...

மேலே. தண்டவாளத்தில்.

கட்டரைப் போட்டுவிட்டு ஓடினேன்.

சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே குனிந்திருந்தான் மச்சான்.

"டேய்! நீ இறங்கிட்டேல்ல?"

"ஸ்பேனரை இங்கயே விட்டுட்டேன் மாமா, எடுக்கத் திரும்ப ஏறினேன். ஒரு நிமிஷ வேலைதானேன்னு பூட்டு மாட்டல."

ஓங்கி அறையலாம் போலிருந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"தட்டுனது நீதானே?"

"நான் இல்ல... அந்த அண்ணன்." திரும்பினான். "இங்கதான் உக்காந்திருந்தாரு. 'பூட்டை வெட்டிட்டாங்களா'ன்னு கேட்டுக் கேட்டுத் தட்டுனாரு..."

யாரும் இல்லை.

கீழே வந்தோம். கட்டர் கிடந்தது.

பூட்டு இல்லை.

5.58-க்குக் கூரையை மூடினேன்.

ஒரு வாரம் கழித்துப் பாதுகாப்பு அதிகாரியிடம் சொன்னேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

போன வருடம் இதே மாதிரி ஒரு மாலை. காற்று வருகிறதென்ற அவசரத்தில், மிச்சமிருந்த ஒரு பூட்டை வெட்டிவிட்டுச் சுவிட்சைப் போட்டார்களாம். பூட்டுக்கு உரியவர் மேலேயே இருந்திருக்கிறார்; சக்கரத்தில் சிக்கிச் செத்துப்போனாராம். விஷயத்தை மூடி மறைத்து, பழைய ஆட்களையெல்லாம் மாற்றிவிட்டார்கள்.

"வெட்டுனது யாரு சார்?"

அதிகாரி என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அவன் மறுநாளே வேலையை விட்டுப் போயிட்டான். அந்த இடத்துக்குத்தான் உன்னை எடுத்தோம்."