படகு இறங்காத காலை

பெசன்ட் நகர் குப்பத்தில் காலை ஏழு மணி. கடல் அமைதியாக இருக்கிறது, ஆனாலும் ஒரு படகுகூட இறங்கவில்லை. அப்பா வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கிய இதே மணலில் வெறும் பையோடு நிற்கிறேன்.

"ஒரு சாவு, நைனா. இன்னிக்கி யாரும் கடலுக்குப் போகக்கூடாது. ஊர்க் கட்டுப்பாடு," என்கிறார் வலைமேல் உட்கார்ந்திருக்கும் மீனவர்.

இறந்தவர் வீடு எது என்று கேட்கிறேன்.

"பெருங்குடி பக்கம். அங்க போயி பத்து வருசமாச்சு. அப்புறம் அவரு படகே ஏறல."

"அவருக்குமா நிறுத்துவீங்க?"

"வூட்டத்தான மாத்திக்கினாரு? மீனவர் சங்கத்துல பேரு அப்படியே கீது."

நகர்ந்து எனக்கும் இடம் விடுகிறார். "நீ எந்த ஊரு?"

இரண்டு தெரு தள்ளிப் பிறந்து வளர்ந்து, வேலைக்காக வெளியூர் போய்ப் பல வருடமானவன் நான்.

"பெங்களூரு," என்கிறேன்.