பிச்சம்மாளா, குப்பம்மாளா

முதல் இரண்டு பெண்களுக்கும் வயிற்றில் இருக்கும்போதே பெயர் யோசித்து வைத்திருந்தேன். அழகான, நாகரிகமான பெயர்கள். ஒருத்தி தொட்டிலில் போடும் முன்பே போனாள். மற்றவள் குப்புற விழக் கற்றுக்கொண்ட வாரத்தில் போனாள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மயிலாப்பூர் வாடகை வீட்டில் இருந்தபோது மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தது. பெயர் வைக்கும் பொறுப்பை மாமியார் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"பிச்சம்மாள்னு வை, இல்லேன்னா குப்பம்மாள்னு வை. பேரைக் கேட்டாலே எமன் மூஞ்சியைத் திருப்பிண்டு போயிடணும்."

நான் தி.நகரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுப்பவள். எரிச்சலாக வந்தது. என் கணவரோ, "ரெண்டும் ஒண்ணுதானே, சீட்டுக் குலுக்கிப் போட்டுடலாம்" என்றார். அவரை அடிக்கலாம் போலிருந்தது. ஆனால் அன்று மாலை குழந்தை பால் குடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. என் விஞ்ஞானம் அத்தோடு சரி.

நானே உட்கார்ந்து யோசித்தேன். பிச்சை என்றால் போட்டவன் ஒருவன் இருக்கிறான், என்றாவது திருப்பிக் கேட்கலாம். குப்பையை யார் கேட்கப்போகிறார்கள்? "குப்பம்மாள்" என்றேன்.

பெயர் மட்டும் போதாதாம். குழந்தையைக் குப்பையில் போட்டு, எடுத்தவளிடம் தவிடு கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டுமாம். தெரு பெருக்கும் அம்மாவை ஒருநாளும் வாசற்படி ஏற விடாத மாமியார், தானே போய் அழைத்து வந்தார். முறத்தில் குழந்தையை வைத்துக் குப்பைத்தொட்டி அருகே கிடத்தினோம். "எனக்கு இது வேண்டாம்" என்று பெற்றவள் வாயால் சொல்ல வேண்டும். நான் முறத்தைத் திரும்பத் தூக்கப் போனேன். மாமியார் முதுகில் கிள்ளினார். சொல்லித் தொலைத்தேன்.

அந்த அம்மா குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள். "இன்னாத்துக்கும்மா அழுவுற? இப்ப இது என் புள்ள. எவன் வந்தாலும் என்னாண்ட வந்து கேக்கட்டும்."

தவிட்டைக் கொடுத்துப் பெண்ணை வாங்கினேன். அதற்கப்புறம் அவளைக் கண்ணே என்றோ செல்லமே என்றோ நான் கொஞ்சியதில்லை. பயம்தான், வேறென்ன. புதுச் சட்டை போட்டால்கூடக் கன்னத்தில் மையை அப்பி, கோரமாக்கித்தான் வெளியே கூட்டிப்போவேன்.

பள்ளியில் சேர்க்கப் போன அன்று என் கணவர் கெஞ்சினார். "மத்த குழந்தைகள் சிரிக்கும். இப்பவாவது பேரை மாத்திடலாம்."

அவர் சொன்னது நியாயம்தான். குழந்தை மைதானத்தின் அந்தக் கோடியில் மண்ணை அளைந்துகொண்டிருந்தாள். நான் எல்லோர் காதிலும் விழ, "ஏ குப்பம்மா!" என்று கத்தினேன். நின்றிருந்த தாய்மார்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடி வந்தாள். முதல் இரண்டு பெயர்களைச் சொல்லிக் கூப்பிட்டால் எனக்கு யார் வருவார்கள்?