காற்றில்லாமல் சுற்றிய டிரம்மும் என் படப்பைப் பயணமும்

இதை யாருக்கும் காட்டிவிடாதீர்கள், உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். என்னைப் போலத் தனியாகப் படப்பைக்குப் போகவேண்டிய பெண்ணுக்கு உதவட்டும் என்றுதான் எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன்.

பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் எங்கள் வீடு. தெருவுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. பாலிடெக்னிக்கில் படித்த அக்கா, ஒரு தார் டிரம்மை நெடுக்காக இரண்டாக வெட்டி, செங்குத்தான இரும்புத் தண்டில் பொருத்தி மொட்டைமாடியில் நிறுத்தினாள். எந்தத் திசைக் காற்றுக்கும் அது சுற்றும். பெல்ட் வழியாக ஒரு பழைய மோட்டாரைச் சுழற்றி, கார் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும். அதில் ஒரு பல்பு எரியும். போன வருஷம் அக்கா தன்னோடு படித்த கிறிஸ்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு படப்பைக்குப் போய்விட்டாள். அதிலிருந்து அவள் பெயரை வீட்டில் யாரும் சொல்லக்கூடாது.

மழைக்குப் பிறகு, இலைகூட அசையாத நேரத்திலும் டிரம் சுற்ற ஆரம்பித்தது. காலையில் பார்த்தால் பேட்டரி செத்துக் கிடக்கும். "வூட்ட வுட்டுப் போன பொண்ணோட ஏக்கம்தான் சுத்திகினு கீது" என்றார் எதிர்வீட்டு அம்மா. தெருவே அதைப் பேசியது. "ஞாயித்துக்கெழம அறுத்துக் காயலான் கடையில போட்டுர்றேன்" என்றார் அப்பா. அக்காவுடையது என்று வீட்டில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

இன்று சனிக்கிழமை. ஸ்பெஷல் கிளாஸ் என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தாம்பரம் மேற்கில் ஒன்பது மணி பஸ், டிக்கெட் ஒன்றரை ரூபாய். முடிச்சூர், மண்ணிவாக்கம் வழியாக முக்கால் மணி நேரம். சீருடையில் மட்டும் போகாதீர்கள். "இன்னா பாப்பா, இஸ்கோல் அந்தாண்ட கீது, நீ இந்தாண்ட போற?" என்று கண்டக்டர் பஸ்ஸே கேட்கும்படி கேட்டார். பெரியம்மா வீட்டுக்கு என்றேன். "அதுக்கு ஏன் பரீச்சைக்குப் போறவ மாரி மூஞ்ச வெச்சிகினு கீற?" எல்லோரும் சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

படப்பை மார்க்கெட்டுக்குப் பின்னால் அக்கா வீடு. மாவுக் கையோடு கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்பாவுக்குத் தெரியுமாடி?"

"தெரிஞ்சா கொன்னுடுவாரு. டிரம்ல பேய் இருக்காம்க்கா."

நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தாள். "பேயாவது! பேட்டரியே மோட்டாரச் சுத்துது. நடுவுல கறுப்பா ஒரு மணி இருக்குமே, டயோடு? கரண்ட பேட்டரிக்குள்ள விடும், திரும்பி வர விடாது. அது எங்க?"

"மழைல வயர் அறுந்துச்சு. மணி ஒடஞ்சதுன்னு தூக்கிப் போட்டுட்டு, அப்பா ரெண்டு வயரையும் முறுக்கி விட்டாரு."

"அப்பாவா? மாடில ஏறியா?"

"ஆமா. மழை விட்டதும் மொதல்ல அதத்தான் பாத்தாரு."

அக்கா கையைக் கழுவிவிட்டு, டப்பாவிலிருந்து ஒரு டயோடை எடுத்து என் கைக்குட்டையில் முடிந்து கொடுத்தாள். வாசல்வரை வந்தவள், "அவருக்கு முழங்கால் வலி எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால்: முதலில் டிரம்மைக் கயிற்றால் கட்டுங்கள். பேட்டரி வயரைக் கழற்றுங்கள். டயோடின் வெள்ளைக் கோடு பேட்டரி பக்கம் இருக்கவேண்டும்.

அப்பா வேலையிலிருந்து வருவதற்குள் மாட்டிவிட்டேன். சாயங்காலக் கடல்காற்றில் நன்றாகச் சுற்றியது. இப்போது காற்று இல்லை, டிரம் நின்றிருக்கிறது. பல்பு மங்கலாக எரிகிறது. அதன் வெளிச்சத்தில்தான் எழுதுகிறேன். விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை. டிரம் நின்றுவிட்டது என்று அப்பாவிடம் எப்படிச் சொல்வது, யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டால் என்ன

கதவு தட்டுகிறார்கள். அப்பா.

"லைட்டு எரியுது. டிரம்மும் நின்னுடுச்சு. கதவத் தொறடி… அவ எப்படி இரு