கல்லூரி ஹாலில் ஒரு வளைகாப்பு

நான் படித்த டெல்லிக் கத்தோலிக்கக் கல்லூரியில் சமூகநீதி கட்டாயப் பாடம். ஒரு பருவம் அதை வகுப்பில் படிக்க வேண்டும். அடுத்த பருவம் ஏதாவதொரு குடிசைப் பகுதிக்குப் போய் அதைச் செய்ய வேண்டும். எங்கள் குழுவுக்குக் கிடைத்தது சாக்கடைக் கால்வாய் ஓரமாக இருந்த தமிழர் குடியிருப்பு. குழுவில் தமிழ்ப்பெண் நான் ஒருத்திதான் என்பதால் என்னை மொழிபெயர்ப்பாளர் ஆக்கினார்கள். கோல் மார்க்கெட் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த எனக்கு, அம்மாவிடம் இன்னொரு தோசை கேட்கிற அளவுக்குத் தமிழ் வரும். 'ஆப்ரெஷன்' என்பதற்குத் தமிழில் என்ன என்று அப்பாவுக்கு போன் செய்து கேட்டேன். "ஆபீஸ்ல இருக்கேன், அப்புறம் பேசு" என்றார்.

அங்கிருந்த பெண்களுக்கு எங்களைப் போன்றவர்கள் புதிதல்ல. கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து வந்து, வீடுகளில் சமையல் வேலை பார்த்த ஓர் அக்கா எங்களுக்குப் பாய் விரித்துப் போட்டுவிட்டுக் கேட்டார்: "எந்தக் காலேஜும்மா? கஷ்டத்தப் பத்திக் கேக்கறீங்களா, ரேஷன் கார்டு பத்தியா? ஜல்தி கேளுங்க, குக்கர் வச்சிருக்கேன்."

பருவ முடிவில் அவர்களைக் கல்லூரிக்கு அழைத்து விழா நடத்தினோம். முதல்வர் ஒரு பாதிரியார். ஃபாதர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் உணர்ச்சிவசப்பட்டு, "இந்தக் கல்லூரி உங்கள் வீடு. இதன் கதவுகள் எப்போதும் திறந்திருக்கும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நானும் அப்படியே தமிழில் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா மட்டும் ஹாலின் மின்விசிறிகளையும் நாற்காலிகளையும் நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விழா முடிந்ததும் என்னைத் தனியே அழைத்தார். "எம் மருமவளுக்கு ஏழாம் மாசம். வளைகாப்பு வைக்கணும். எங்க வீட்ல நாலு பேரு நின்னா அஞ்சாவது ஆளு தெருவுல நிக்கணும். இங்கயே வச்சிக்கிறோம்னு ஃபாதர்ட்ட சொல்லிடும்மா."

பாடம் நடத்திய மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. கமிட்டி கூடியது. இது மதச் சடங்கா, பண்பாடா என்று ஒருவர் கேட்டாராம். ஹாலில் வைத்து வலி எடுத்துவிட்டால் யார் பொறுப்பு என்றாராம் இன்னொருவர். கடைசியில் மேடம் என்னிடம், "ஃபாதர் சொன்னது வெறும் உருவகம் என்று அவர்களுக்குப் புரியவை" என்றார்.

உருவகத்தை அக்காவிடம் எப்படிச் சொல்வது? "அது சும்மா பேச்சுக்குச் சொன்னதாம்க்கா" என்றேன்.

"சாமியாரு சும்மா பேச்சுக்குச் சொல்லுவாரா?" அக்கா உண்மையாகவே அதிர்ந்துபோனார். "நீதான் எதையோ தப்பாச் சொல்ற. உன் தமிழு அப்படி. நானே வந்து கேட்டுக்கறேன்."

மறுநாள் வேலை முடிந்த கையோடு வந்துவிட்டார். வாசலில் பாஸ் கேட்ட காவலாளியிடம், "பையா, அப்னா கர் ஹை" என்று, நம்ம வீடுதான் தம்பி என்பதை ஹிந்தியில் சொல்லிவிட்டு உள்ளே நடந்தார். ஃபாதரின் அறையில் விஷயத்தை நேராகப் போட்டு உடைத்தார். நான் அதைப் பதமாக்கி, "நன்றி தெரிவிக்க வந்திருக்கிறார்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். ஃபாதர் கையை உயர்த்தினார். அவர் பாலக்காட்டுக்காரர்.

"எனக்குத் தமிழ் மனசிலாகும்" என்றார். அப்புறம் அக்காவிடம், "எந்தக் கிழமை வேணும்?" என்று கேட்டார்.

கமிட்டியும் சும்மா இருக்கவில்லை. வளைகாப்புக்கு 'விளிம்புநிலைப் பண்பாடுகளுடன் ஓர் உரையாடல்' என்று பெயர் வைத்து பேனர் கட்டியது. முதலாண்டு மாணவர்கள் அத்தனை பேருக்கும் அட்டெண்டன்ஸ் உண்டு என்றது. மருமகள் பட்டுப்புடவையில் மேடையில் உட்கார்ந்திருக்க, உரைகள் தொடங்கின. பெண்மையின் கண்ணியம் பற்றி மேடம் வெகுநேரம் பேசினார். அவர் முடித்ததும் ஒரு மாணவி மருமகளிடம் மைக்கை நீட்டி, இந்தத் தருணத்தில் எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்டாள்.

"இடுப்பு வலிக்குது" என்றாள் மருமகள்.

"மிகவும் நெகிழ்ந்துபோயிருக்கிறார்" என்று மொழிபெயர்த்தேன். முன்வரிசையில் ஃபாதருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பேசுவதற்கு வைத்திருந்த தாளை மடித்து அங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, "நீங்க ஆரம்பிங்கம்மா" என்றார்.

சந்தனமும் குங்குமமும் வந்தன. வளையல்கள் ஏற ஏற மருமகளின் முகம் மலர்ந்தது. மிச்ச வளையல்களை மற்றப் பெண்களுக்குப் போட்டார்கள். பிள்ளை இல்லாதவர்களுக்கு அது நல்லது என்பது நம்பிக்கை. அக்கா கூட்டத்தில் கண்ணை ஓட்டி, நூலகத்தைக் கவனித்துவந்த கன்னியாஸ்திரியிடம் நேரே போனார்.

"சிஸ்டருக்குப் புள்ளைங்க இல்லல்ல? கைய நீட்டுங்க."

மேடம் கண்ணை மூடிக்கொண்டார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. சிஸ்டர் இரண்டு கைகளையும் நீட்டினார். பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள் ஏறின. அவர் வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

பிறகு புளியோதரை, தயிர்சாதம், ஐ.என்.ஏ. மார்க்கெட் அப்பளம். அட்டெண்டன்ஸுக்கு வந்த பிள்ளைகள் அது எடுத்து முடிந்த பிறகும் போகாமல் வரிசையில் நின்றார்கள். "இன்னும் போடவா பேட்டா?" என்று கேட்டுக் கேட்டுப் போட்டார் அக்கா.

அப்போது யாரோ எடுத்த புகைப்படம் ஒன்று கல்லூரி ஆண்டறிக்கையில் வந்தது. 'பயனாளிகளுடன் மாணவர்கள்' என்று கீழே போட்டிருந்தார்கள். படத்தில் தட்டேந்தி நின்றவர்கள் மாணவர்கள். நான் எழுதிக் கொடுத்த கட்டுரைக்கு, ஆய்வாளருக்குரிய விலகல் இல்லை என்று மேடம் மார்க்கைக் குறைத்தார். எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய்.

மழைக்காலத்தில் மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சிஸ்டரும் நானும் ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்தோம். சிஸ்டர் அவருடைய ஜார்க்கண்ட் ஹிந்தியில் ஏதோ கேட்க, அக்கா அவருடைய ஹிந்தியில் ஏதோ சொல்ல, இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.