வெள்ளை பூத்த கறுப்பு ஷூக்கள்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் இருபத்தாறு வருஷம் இருந்தேன். நான் கோபக்காரி, அதைவிட அவசரக்காரி. அந்த அவசரத்தில் ஒரு மனுஷரின் வேலையே போகப் பார்த்தது.

மார்கழிக் காலை. பதினோரு மணிக்கு, சரக்கு வாங்கும் பையர் அனுப்பும் இன்ஸ்பெக்டர் வருகிறார். நான் பாஸ் பண்ணி குடோனுக்கு அனுப்பிய கறுப்பு ஷூ லாட்டைப் பிரித்தால், முன்பக்கமெல்லாம் வெள்ளை படர்ந்திருக்கிறது. குடோனைப் பார்த்துக்கொள்ளும் தனபாலுக்கு ஜன்னலைத் திறந்துவைக்கும் பழக்கம் உண்டு. ஈரக்காற்று புகுந்து பூஞ்சை பிடித்துவிட்டது என்று முடிவு கட்டினேன். “ஃபங்கஸ். தனபாலின் அலட்சியம்” என்று எல்லா செக்‌ஷனுக்கும் மெயில் தட்டினேன். மேனேஜர் பாய் அவரை நாளையிலிருந்து வரவேண்டாம் என்றுவிட்டார்.

தனபால் சத்தம் போடவில்லை. பூஞ்சை என்றால் வாடை அடிக்குமே, மோந்து பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஃபோட்டோ எடுக்க ஒரு ஷூவை வெளிச்சமான ஃபினிஷிங் பக்கம் கொண்டுபோனேன். அங்கே ஹாட் ஏர் மிஷினில் தோலின் சுருக்கம் எடுப்பவள் நூர்ஜஹான். சுருக்கத்தைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. நான் ஃபோனைத் தேடுவதற்குள் ஷூவுக்குச் சூடு காட்டிவிட்டாள்.

“இன்னா மேடம், வெள்ளையா இருக்குதுன்னீங்க? ஒண்ணுத்தையும் காணோமே.”

பூஞ்சை சூட்டில் இப்படி மறையாது. கொழுப்புதான் மறையும். தோல் மெத்தென்று இருக்க, அதைப் பதனிடும் டேனரியில் எண்ணெய் ஏற்றுவார்கள். சீக்கிரம் உறைகிற கொழுப்பு அதில் ஜாஸ்தியானால், குளிரில் மேலே வந்து வெள்ளையாக உறைந்து நிற்கும். மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் நடப்பதுதான். சூடு பட்டால் உருகித் தோலுக்குள் போய்விடும், குளிர்ந்தால் திரும்பவும் தலைகாட்டும். ட்ரெய்னிங்கில் இதை நானே பாடம் எடுத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

இன்ஸ்பெக்டருக்கு ஹாட் ஏரில் காட்டினேன். சிரித்துவிட்டார். எல்லா ஷூவையும் கொழுப்பைக் கரைக்கும் சால்வென்ட் போட்டுத் துடைத்து, ஏசி ரூமில் வைத்து, வெள்ளை திரும்ப வராவிட்டால் அனுப்பலாம் என்றார். டேனரிக்கும் எண்ணெயை மாற்றச் சொல்லியாயிற்று.

மேனேஜர் பாய் தனபாலை வேலையில் இருக்கச் சொல்லிவிட்டார். இத்தோடு விடுங்கள் மேடம் என்று என்னிடமும் சொன்னார். அப்பாடா என்றிருந்தது. தனபால் விடவில்லை. நேராக என் டேபிளுக்கு வந்தார்.

“காலைல என் பேர் போட்டு வந்த மெயில் கேன்டீன் வரைக்கும் போய்டிச்சு மேடம். என் மேல தப்பில்லன்றதும் அங்கெல்லாம் போவணும்.”

அவர் கேட்டது நியாயம். “அது பூஞ்சை இல்லை, உறைந்த கொழுப்பு. சூடு காட்டிப் பார்க்காமல் எழுதியது என் தப்பு. தனபால் மேல் குற்றமில்லை” என்று அதே ஆட்களுக்கு அனுப்பினேன். பிரின்ட் எடுத்து கேன்டீன் போர்டிலும் ஒட்டினேன். புதிதாக குவாலிட்டிக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் சோதித்துப் பாருங்கள், பிறகு பேர் போட்டு எழுதுங்கள்.

தனபால் போர்டு முன்னால் நின்று ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“கையெழுத்து போடலியே மேடம்.”