அநேகமாகப் பகா எண்

தில்லி ஆர்.கே.புரத்திலிருந்து ஆபீஸ்காரர்களை ஏற்றிச் செல்லும் எங்கள் சார்ட்டர்டு பஸ்ஸில் எல்லோரும் சீட்டாடுவார்கள். என் பக்கத்து இருக்கைக்காரர் மட்டும் வகுத்தல் கணக்குப் போடுவார். காதை மூடிய கம்பளிக் குல்லாய், மடியில் நோட்டு, அதில் நாற்பது இலக்க எண் ஒன்று. எந்த ஆபீஸ் என்று அவர் சொன்னதில்லை.

"இது பகா எண் சார். ஒண்ணையும் தன்னையும் தவிர எதாலயும் வகுபடக் கூடாது. கம்ப்யூட்டர் 'அநேகமா'ன்னுதான் சொல்றது. அதான் ஒவ்வொண்ணா வகுத்துப் பாக்கறேன்."

"வகுபட்டா என்ன?"

"இதை நம்பித்தான் சங்கேதப் பூட்டு போட்டிருக்கோம். அது திறந்தா, எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கற நம்ம ஆளுங்க பேரெல்லாம் வெளில வந்துடும்."

ஒரு ஜனவரிக் காலை, பஸ் மூடுபனியில் ஊர்ந்துகொண்டிருந்தது. அவர் பென்சில் நின்றது.

"மீதி பூஜ்யம் வருது. நீங்க ஒரு தடவை போட்டுப் பாருங்கோ."

கணக்கில் மூன்று முறை தோற்றவனிடம் கேட்கிறார். போட்டேன். எனக்கும் பூஜ்யம்தான் வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "மீதி ஏழு சார்" என்றேன்.

"அச்சா" என்று நோட்டை மூடினார். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. மாற்றலாயிருக்கும் என்றார்கள் சீட்டாடுபவர்கள்.

அன்று நான் போட்ட கணக்கும் வழக்கம்போலத் தப்பாக இருந்திருக்க வேண்டுமே என்று இன்னும் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.