ஷாஹினாவின் வகுப்பில் மட்டும் ஏன் இவ்வளவு சிரிப்பு?

சில மாதங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை. வகுப்பு தொடங்க ஐந்து நிமிடம் இருந்தது. வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் வந்து விழுந்தது.

'சார், என்னை ஷாஹினா அக்கா பேட்சுக்கு மாத்தி விட முடியுமா?'

காரணம் எதுவும் எழுதவில்லை. கடைசியில் கும்பிடு போடும் இரண்டு கைகள் மட்டும்.

ஒருத்தர் கேட்டால் பரவாயில்லை. அந்த மாதத்தில் இது மூன்றாவது!

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஜெர்மன் மொழி சொல்லித் தருகிறவன். எங்கள் குமரி மாவட்டத்தில் நர்ஸிங் படித்த பெண்கள் பலருக்கு இப்போது ஜெர்மனிக் கனவு. அங்கே வேலைக்குப் போக வேண்டுமானால் மொழித் தேர்வு பாஸாக வேண்டும். அதற்காக ஓர் ஆன்லைன் பயிற்சி மையத்தில் சாயங்காலம் ஆறு மணி வகுப்பு என்னுடையது. தக்கலையில் என் வீட்டு முன்னறைதான் வகுப்பறை.

நாலு மணி வகுப்பு ஷாஹினாவுடையது. குளச்சல்காரர். வயது இருபத்தேழு.

நான் ஒன்பது வருடம் ஜெர்மனியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். அந்த ஊர் பஸ் டிரைவரோடு ஜெர்மனில் சண்டை போட்டு ஜெயித்தவன். ஷாஹினாவோ ஜெர்மனியை மேப்பில்தான் பார்த்திருக்கிறார். வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டர் முன்னால் படித்து, எழுதி, பாஸான ஆள்.

அப்புறம் ஏன் எல்லோரும் அங்கே ஓடுகிறார்கள்?

என் வகுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதினெட்டுக் கறுப்புக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளையாக ஒரு பெயர். நான் கேள்வி கேட்பேன். அமைதி. நானே பதில் சொல்வேன். 'புரிந்ததா?' என்பேன். யாராவது ஒருவர் கட்டைவிரல் படம் ஒன்றைப் போடுவார். சுவரோடு பேசினாலாவது எதிரொலி வரும்...

பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சட்டம் போட்டேன் – கேமரா போடாதவர்களுக்கு அட்டெண்டன்ஸ் கிடையாது. மறுநாள் கேமராக்கள் வந்தன. சீலிங் ஃபேன் நாலு, பாதி நெற்றி ஐந்து, ஒரு காலண்டர்.

ஷாஹினாவின் வகுப்பு எப்படி இருக்கும்? மையத்தில் எல்லா வகுப்பையும் பதிவு செய்து வைப்பார்கள். ஆசிரியர்கள் பார்க்கலாம். நான் பார்த்தேன். கற்றுக்கொள்ளத்தான் பார்த்தேன் என்று எழுத ஆசைதான். பொய். தப்புக் கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன்.

கண்டும் பிடித்தேன்! அழகு என்பதற்கு ஜெர்மனில் ஒரு சொல் உண்டு. உதட்டை நன்றாகக் குவித்துச் சொல்ல வேண்டும். ஷாஹினா குவிக்கவில்லை. அழகு என்ற சொல்லையே அழகாகச் சொல்லத் தெரியவில்லையே என்று எனக்கு ஒரே சந்தோஷம். அந்த வகுப்பில் ஏழு தடவை அப்படிச் சொன்னார். எண்ணினேன்.

ஆனால் அந்த ஒரு மணி நேரமும் வகுப்பு சிரித்துக்கொண்டே இருந்தது. ஒருத்தி தப்பாகச் சொல்கிறாள், இன்னொருத்தி திருத்துகிறாள், மூன்றாமவள் இரண்டு பேரையும் கிண்டல் செய்கிறாள் – எல்லாம் ஜெர்மனில்.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி பிரேமா கேட்டாள். "இந்தப் பிள்ளைக்க கிளாஸ இப்படி மொறச்சிப் பாக்குதியளே, என்ன செஞ்சா அவ?"

"ஒண்ணும் செய்யல்ல."

"பொறவு வயிறு எரியுதாக்கும்."

லேப்டாப்பை மூடிவிட்டேன்.

அடுத்த வாரம் ஷாஹினாவே போன் செய்தார். "சார், எனக்க தம்பிக்குக் கல்யாணம். நாலு நாளு என் கிளாஸ் பிள்ளையள நீங்க பாத்துக்கிடணும்."

உள்ளுக்குள் துள்ளிக் குதித்தேன். உண்மையான ஜெர்மன் எப்படி இருக்கும் என்று நாலே நாளில் காட்டிவிட மாட்டேனா! குரலை மட்டும் நிதானமாக வைத்துக்கொண்டு, "பாடம் எதுவரைக்கும் போயிருக்கு?" என்றேன்.

"பாடம் புக்குல இருக்கு சார். நான் வேற ஒண்ணு அனுப்புதேன். அத மட்டும் வாசிச்சிட்டுப் போங்க."

கோடு போட்ட நோட்டில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். மாணவிகளின் பெயர்ப் பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இரண்டு வரி.

'ரீனா – டியூட்டி முடிஞ்சி பஸ்ல இருப்பா. நின்னுட்டு வந்தா எழுத முடியாது. வாயால சொல்லச் சொல்லுங்க.'

'மேரி – தப்பாப் போயிருமோன்னு பயம். முதல் கேள்வி லேசா கேளுங்க. பொறவு அவ வாய மூட முடியாது.'

'சுபா, ஊரு கொட்டாரம் – பிள்ளைக்கு ஆறு மாசம். கிளாஸ் நேரத்துலதான் பால் குடிக்கும். கேமரா கேக்காதீங்க. சாட்ல டக்குனு பதில் போடுவா.'

சுபாவின் பெயரில் என் கண் நின்றுவிட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மெசேஜ் அனுப்பி, பேட்ச் மாறிப் போனவர் சுபாதான். என் வகுப்பில் இருந்தபோது நாலு நாள் அட்டெண்டன்ஸ் போடாமல் விட்டிருக்கிறேன். ஒருநாள் எல்லோர் முன்னாலும், "என்ன சுபா, இன்னைக்கும் கேமரா இல்லையா? படுத்துத் தூங்குதீங்களா?" என்று கேட்டும் இருக்கிறேன். ரொம்ப நகைச்சுவையாகப் பேசிவிட்டதாக அன்று எனக்கு நினைப்பு.

ஷாஹினாவைத் திரும்ப அழைத்தேன். பின்னால் கல்யாண வீட்டுச் சத்தம்.

"சுபா உங்ககிட்ட இதெல்லாம் எப்பம் சொன்னா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?"

"அவளா சொல்லல்ல சார். நான் கேட்டேன்."

"எப்படிக் கேட்டீங்க?"

"ரெண்டு நாளு சேர்ந்தாப்ல ஆளு சத்தமே இல்லன்னா, மறுநாள் காலைல போன் பண்ணுவேன். என்ன மக்கா, எல்லாம் சரியா இருக்கான்னு கேப்பேன். அவ்வளவுதான் சார்."

இதைக் கேட்டதும் எனக்கு ஞானம் பிறந்திருக்க வேண்டும். பிறந்தது எரிச்சல்தான். ஏதாவது புது சாஃப்ட்வேர், ஏதாவது விளையாட்டு, கலர் கலராகப் படம் காட்டும் வித்தை என்று இருந்திருந்தால் நானும் வாங்கிப் போட்டிருப்பேனே. ஒரு போன்காலிலா தோற்றேன்?

நாலு நாளும் அந்த நோட்டுத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வகுப்பு எடுத்தேன். மேரியிடம் லேசான கேள்வி கேட்டேன். உண்மைதான், அப்புறம் வாயை மூடவே இல்லை. சுபா ஒவ்வொரு கேள்விக்கும் மற்றவர்களுக்கு முன்னால் சாட்டில் பதில் போட்டார். என் வகுப்பில் மூன்று மாதம் இருந்தவர்... இவ்வளவு கெட்டிக்காரி என்று எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் வகுப்பு முடிந்தபோது அவரை மட்டும் இருக்கச் சொன்னேன். "அன்னைக்கு நான் சொன்னது தப்பு சுபா. மன்னிச்சிருங்க."

மைக் திறந்தது. "பரவால்ல சார்." மைக் மூடி, மறுபடி திறந்தது: "ஆனா அன்னைக்கு நான் அழுதேன்."

அவர் போனதும், போடாமல் விட்ட அந்த நாலு நாள் அட்டெண்டன்ஸைப் போட்டேன்.

நாலாம் நாள் எல்லோரும் நன்றி சொன்னார்கள். கூடவே ஒரு குரல்: "ஷாஹினா அக்கா நாளைக்கு வந்திருவாங்கல்லா சார்?" அந்த வகுப்பின் பதிமூன்று பேரும் சேர்ந்து கேட்டது போல என் காதில் விழுந்தது.

மறுநாள் காலையில் என் வகுப்புப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று பேர் போக மிச்சமிருந்த பதினைந்து பேரில் யாருக்கு அருகிலாவது இரண்டு வரி எழுத முடிகிறதா என்று பார்த்தேன். ஒருவருக்கும் முடியவில்லை. அனிதா என்ற பெயருக்கு நேராக மட்டும் இரண்டு வாரமாக வரிசையாக ஆப்சென்ட் இருந்தது. அதைப் போட்டவன் நான்தான். ஏன் என்று நினைத்தே பார்த்ததில்லை.

போன் செய்தேன். எடுத்த எடுப்பில் பல் மருத்துவர் கிளினிக்கில் கேட்கிற மாதிரி, ஆனால் பத்து மடங்கு பெரிதாக ஒரு சத்தம்.

"அனிதா, நான் ஜெர்மன் சார் பேசுதேன்."

"அய்யோ சார்! நான் என்ன தப்பு செய்தேன்?"

ஓர் ஆசிரியர் போன் செய்தால் முதலில் வருவது இந்தக் கேள்விதான் என்றால், அவர் என்ன லட்சணத்தில் வகுப்பு எடுத்திருப்பார்?

அனிதா மயிலாடியில் வாழ்க்கைப்பட்டவர். வீட்டை ஒட்டியே மாமனாரின் சிற்பக் கூடம். கல் அறுக்கும் மெஷின் காலையில் தொடங்கி இரவு ஏழு வரை ஓடும். ஒலிப்பதிவைக் கேட்டுப் பதில் எழுதும் மாதிரித் தேர்வில் அவர் இரண்டு தடவை ஃபெயில். மற்ற எல்லாவற்றிலும் பாஸ். நான் என்ன செய்தேன்? 'சத்தம் வருது, மைக்க மூடுங்க' என்று சொன்னேன். அவர் மூடினார். அதோடு மறந்துவிட்டேன்.

"மைக்க மூடுனா உங்களுக்குச் சத்தம் போயிரும் சார். எனக்கு எங்க போவும்?"

அனிதாவே தொடர்ந்தார்.

"நான் விட்டுட்டேன் சார். வார திங்கக்கிழம பழைய ஆஸ்பத்திரிக்கே டியூட்டிக்குப் போறேன். ஜெர்மனி எனக்கு ஆவாது."

"மெஷின் எப்பம் நிக்கும்?"

"எதுக்கு சார்?"

"சொல்லுங்க."

"சோறு திங்க நிறுத்துவாங்க. ஒண்ணுல இருந்து ரெண்டு வரை."

"அப்பம் நாளைக்கு ஒரு மணிக்கு வாங்க. நாம ரெண்டு பேரும் மட்டும். திங்கக்கிழமைய பொறவு பாத்துக்கலாம்."

திங்கட்கிழமை அனிதா டியூட்டிக்குப் போகவில்லை. ஐந்து வாரம், தினமும் ஒரு மணி முதல் இரண்டு மணி வரை. என் மத்தியானத் தூக்கம் போயிற்று. ஒலிப்பதிவைப் போட்டுக் கேள்வி கேட்பேன். முதல் மூன்று நாள் அனிதா பதில் தெரிந்தும் சொல்லவில்லை. நாலாம் நாள், "சார், அந்த ஆம்பளக் குரல் ரொம்ப வேகமாப் பேசுது, மெதுவா வையுங்க" என்று அதட்டினார். அதன்பின் எனக்குக் கவலை இல்லை. விஷயம் தெரிந்து இன்னும் நாலு பேர் அந்த நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கேமரா பற்றி நான் பேச்சே எடுக்கவில்லை. யார் எப்போது போட்டார்கள் என்று கவனிக்கவும் இல்லை. ஒருநாள் பார்த்தால் ஐந்து முகங்கள் சாப்பிட்டுக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தன.

தேர்வு முடிந்து மூன்றாவது வாரம் அனிதாவின் போன். "சார், பாஸாயிட்டேன்! லிஸனிங்கும் பாஸ்!"

வாழ்த்துத்தான் சொல்ல நினைத்தேன். ஆனால் பாழாய்ப்போன வாய் சும்மா இருக்குமா? "முதல்ல என்கிட்டதானே சொல்லுதீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"இல்ல சார். எனக்க மாமியாருகிட்ட. பரீட்சைக்கு முந்தின வாரம் மாமாகிட்ட சண்ட போட்டு, சாயங்காலம் மெஷின நிறுத்தி வச்சது அவியதான்."

ஆக, இப்போது இரண்டு பேர் மேல் பொறாமை. ஒருவர் குளச்சல், ஒருவர் மயிலாடி.

பிரேமா கேட்கிறாள், இன்னுமா வயிறு எரிகிறது என்று. எரிகிறதுதான். அதற்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன் – தினமும் காலையில் மாணவிகளுக்கு மூன்று போன்.